தட்டினால் விட்டுவிட வேண்டும்

சேலம் அம்மாப்பேட்டையில் நான் வழக்கமாக முடிவெட்டும் சலூனில் முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை காலை பழைய பாட்டு ஓடும், இல்லையென்றால் செய்தி. இப்போது கொஞ்ச நாளாக யூ.எஃப்.சி., அதாவது கூண்டுக்குள் நடக்கிற கலப்புச் சண்டைப் போட்டி, ஓடுகிறது. அமெரிக்காவில் சனிக்கிழமை ராத்திரி நடக்கிற சண்டை நமக்கு ஞாயிறு காலை, கறிக்கடைக்குப் போய்விட்டு வருகிற நேரத்துக்குச் சரியாக வந்துவிடுகிறது. போன மாதம் ஒருநாள் எனக்கு முன்னால் சவரத்துக்கு உட்கார்ந்திருந்த பெரியவர், எழுபது வயதுக்கு மேல் இருக்கும், முகமெல்லாம் நுரையோடு கண்ணாடியில் இடவலம் மாறித் தெரிந்த டி.வி.யையே பார்த்துக்கொண்டிருந்தார். கூண்டுக்குள் ஒருவன் இன்னொருவனின் முதுகில் ஏறி, கையைக் கழுத்தில் வளைத்து இறுக்கியிருந்தான். மாட்டிக்கொண்டவன் அந்தக் கையின் மேலேயே ரெண்டு தட்டுத் தட்டினான். அவ்வளவுதான், பிடி விட்டது.

"ஏப்பா, அவன் எதுக்குத் தட்டுனான்?"

"தோத்துட்டேன்னு சொல்றானுங்க."

"வாயத் தொறந்து சொல்றதுதான?"

"கழுத்தப் புடிச்சிருக்கானே, எங்கீங்க சொல்றது?"

கத்தி கன்னத்தில் இறங்கி முடிகிற வரை பெரியவர் பேசவில்லை. அப்புறம் கேட்டார்: "தட்டுனா வுட்டுருவானா?"

"வுட்டுத்தான் ஆகோணும்."

"அது நல்லாருக்குதே" என்றார்.

மூன்று வருடமாக என் அக்காவுக்கு நான் சொல்லிப் புரியவைக்க முயன்றது இதைத்தான். அக்கா மகள், வீட்டில் எல்லோருக்கும் பாப்பா, பதினைந்து வயதில் கராத்தே வகுப்பிலிருந்து எம்.எம்.ஏ.வுக்கு, யூ.எஃப்.சி.யில் போடுகிற அந்தக் கலப்புச் சண்டைக்கு, மாறப்போகிறேன் என்று வந்து நின்றாள். கராத்தேக்கு அக்காவே ஸ்கூட்டியில் கொண்டுபோய் விட்டவள். வெள்ளைச் சட்டை, பெல்ட், சர்டிபிகேட், பள்ளி ஆண்டு விழாவில் ஓடு உடைக்கிற நிகழ்ச்சி, அதெல்லாம் அவளுக்குச் சம்மதம். இது வேறு. "கூண்டுக்குள்ள போயி கட்டிப்புரண்டு அடிச்சுக்கறதுக்கா பெத்தேன்? மூக்கு ஒடைஞ்சா யாரு கட்டிக்குவா? தம்பி, நீதான்டா அவளக் கெடுக்கறது" என்று என்னைப் பிடித்துக்கொண்டாள். கெடுத்தது நான்தான் என்பதில் ஓரளவு உண்மை உண்டு. என் போனில்தான் அவள் முதலில் பார்த்தாள்.

நான் முதலில் பார்த்தது 99இல், எட்டாம் வகுப்பு படிக்கும்போது. குகையில் ஒரு நண்பன் வீட்டில், அவர்கள் அப்பா அம்மா கல்யாணத்துக்குப் போயிருந்த பகலில், வாடகைக்கு எடுத்த வி.சி.டி. அதில் இருந்தது 1993 நவம்பர் 12ஆம் தேதி அமெரிக்காவின் டென்வர் நகரில் நடந்த முதல் யூ.எஃப்.சி. எட்டுப் பேர், ஒரே ராத்திரி, தோற்றவர் வெளியே. எடைப் பிரிவு கிடையாது. புள்ளி போட ஆள் கிடையாது. கடிக்கக் கூடாது, கண்ணைத் தோண்டக் கூடாது, மற்றபடி ஏறக்குறைய எதுவும் செய்யலாம். முதல் சண்டையிலேயே ஒரு சுமோ வீரர் விழுந்த இடத்தில் முகத்தில் உதை வாங்கி, பல் பறந்தது. ஒரு குத்துச்சண்டைக்காரர் ஒரு கையில் மட்டும் கிளவுஸ் மாட்டிக்கொண்டு வந்தார். நாங்கள் நாலு பையன்களும் அரண்டுபோய் உட்கார்ந்திருந்தோம், உண்மையைச் சொன்னால் ஒருவன் பாதியில் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டான்.

ஆனால் அந்த ராத்திரியை ஜெயித்தவர், இருந்தவர்களில் ஒல்லியான ஒருவர். ராய்ஸ் கிரேசி, பிரேசில்காரர், எண்பது கிலோ அளவில்தான் இருப்பார். எதிரில் நின்ற கென் ஷாம்ராக் நூறு கிலோ, இறுதியில் வந்த ஹெரார்ட் கோர்டோவும் கிட்டத்தட்ட அதே. கிரேசி பெரிதாக யாரையும் குத்தவில்லை. நெருங்கினார், கட்டினார், தரையில் சாய்த்தார், கழுத்தைப் பிடித்தார். பெரிய பெரிய ஆட்கள் தரையையும் அவர் உடம்பையும் தட்டினார்கள். அவர் குடும்பம் வளர்த்த ஜியு-ஜிட்சு என்கிற கலையை அன்றைக்குத்தான் உலகமே கவனித்தது. எனக்கு அப்போது கலையின் பெயர்கூடத் தெரியாது. அடித்து நொறுக்கிய ஆட்களை விட அடிக்காமல் ஜெயித்த ஆள்தான் அன்று ராத்திரி தூங்கவிடாமல் மனதில் நின்றார்.

வெளியில் இருந்து பார்த்தவர்களுக்கு ரத்தம்தான் தெரிந்தது, அதில் குற்றம் சொல்ல முடியாது. 1996இல் அமெரிக்க செனட்டர் ஜான் மெக்கெய்ன் இதை 'மனிதச் சேவல் சண்டை' என்று சொல்லி, ஐம்பது மாநில ஆளுநர்களுக்கும் கடிதம் எழுதினார், தடை செய்யுங்கள் என்று. 36 மாநிலங்கள் தடை செய்தன. மெக்கெய்ன் குத்துச்சண்டை ரசிகர், கடற்படைக் கல்லூரியில் தானே குத்துச்சண்டை போட்டவர். சண்டையே பிடிக்காத மனிதர் சொன்னதாக இருந்தால் தள்ளிவிடலாம்.

சேவல் சண்டை என்ற சொல் எங்கள் வீட்டில் லேசான சொல் கிடையாது. அப்பாவுக்கு எடப்பாடிப் பக்கம் சொந்த ஊர். நான் சின்னப் பையனாக இருந்தபோது வீட்டின் பின்னால் எப்போதும் நாலைந்து கட்டுச்சேவல் இருக்கும். காகம், வல்லூறு, மயில் என்று நிறத்தைப் பார்த்துப் பெயர் சொல்வார். பொங்கலை ஒட்டிக் கட்டு நடக்கும். காலில் கத்தி வைத்து நூலைச் சுற்றுகிற கையை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன், நூல் சதையை இறுக்கக் கூடாது, கத்தி நழுவவும் கூடாது, அந்த வேலை செய்கிறவருக்குத் தனி மரியாதை. விட்ட பிறகு எல்லாம் சில நொடிதான். செத்த சேவல் கோச்சை. கோச்சை ஜெயித்தவருக்கு. அவர் அதைக் காலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போவார், வளர்த்தவர் வெறுங்கையோடு வீட்டுக்கு வருவார். அப்பா அப்படி வந்த ஒரு பொங்கல் எனக்கு ஞாபகம் இருக்கிறது. ரெண்டு வருடம் கம்பும் ராகியும் கொடுத்து வளர்த்த மயில். அதற்குப் பிறகு சேவல் வளர்ப்பதையே விட்டுவிட்டார்.

சரி, எம்.எம்.ஏ. சேவல் சண்டையாகவே இருந்திருந்தால் அன்றோடு செத்திருக்க வேண்டும். அதைக் காப்பாற்றியது சட்டதிட்டம். நியூஜெர்சி மாநிலத்தின் விளையாட்டுக் கட்டுப்பாட்டு வாரியம் 2000இல் அனுமதி கொடுத்து, 2001இல் பொது விதிகளை வகுத்தது. இன்றைக்கு நாம் டி.வி.யில் பார்ப்பது ஏறக்குறைய அதுதான். ஐந்து நிமிட ரவுண்டு, சாதாரணப் போட்டிக்கு மூன்று, பட்டப் போட்டிக்கு ஐந்து. எடைப் பிரிவு. விரல் வெளியே தெரிகிற சின்ன கிளவுஸ். பின்மண்டையில் அடிக்கக் கூடாது, முதுகெலும்பில் அடிக்கக் கூடாது, தலையால் முட்டக் கூடாது, கீழே கிடப்பவன் தலையில் உதைக்கக் கூடாது. டாக்டர் நிறுத்தச் சொன்னால் நிறுத்த வேண்டும். தலையில் அடிபட்டு மயங்கி விழுந்தவர், அவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும், குறிப்பிட்ட நாள்கள் முடியும்வரை மறுபடி சண்டை போட முடியாது.

இவ்வளவு விதிக்கும் அடியில், முதல் ராத்திரியிலேயே இருந்த ஒரு விதி இருக்கிறது. தட்டினால் விட்டுவிட வேண்டும். என் அபிப்பிராயத்தில் இந்த விளையாட்டு அதன் மேல்தான் நிற்கிறது. பின்னாலிருந்து கழுத்தைப் பிடிக்கிற பிடியை எடுத்துக்கொள்ளுங்கள். அது மூச்சுக் குழாயை நெரிப்பது என்று பலர் நினைக்கிறார்கள். சரியாகப் போட்டால் அது கழுத்தின் ரெண்டு பக்கமும் மேலே போகிற ரத்தக் குழாயைத்தான் அமுக்குகிறது, பத்து நொடிக்குள் ஆள் மயங்கிவிடுவான். கைப்பூட்டு என்றால் எதிராளியின் கையைத் தொடைகளுக்கு நடுவில் வைத்து, மணிக்கட்டை மார்போடு அணைத்து, இடுப்பை மெல்ல மேலே தூக்குவது. முழங்கை மடங்காத திசையில் வளையும். இந்த ரெண்டிலும் கடைசி அரை அங்குலம் மாட்டிக்கொண்டவன் கையில் இருக்கிறது. அவன் தட்டுவான். தட்டுவதை எதிராளியின் உடம்பில் தட்டச் சொல்லித்தருவார்கள், கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் தோலுக்குத் தெரியட்டும் என்று. கை மாட்டிக்கொண்டால் காலால் தட்டலாம், வாயால் சொல்லலாம். அந்த நொடியில், ஜெயிக்கிறவன் அதுவரை இருந்த வேகம் அத்தனையையும் நிறுத்தி விரலைப் பிரிக்க வேண்டும். அதைப் பழகத்தான் வருடக்கணக்காகிறது என்று பாப்பாவின் மாஸ்டர் சொல்வார்.

அப்புறம் நடந்தது பலருக்குத் தெரிந்த கதை. 2001இல் யூ.எஃப்.சி. இருபது லட்சம் டாலருக்குக் கை மாறியது. 2005இல் வீரர்களை ஒரே வீட்டில் தங்கவைத்து நடத்திய டி.வி. நிகழ்ச்சியின் இறுதியில் ஃபாரஸ்ட் கிரிஃபினும் ஸ்டீபன் பானரும் போட்ட பதினைந்து நிமிடச் சண்டையை அந்த நிறுவனமே தன்னைக் காப்பாற்றிய சண்டை என்று சொல்லும். தடையைக் கடைசிவரை விடாமல் வைத்திருந்த நியூயார்க் மாநிலம் 2016இல் விலக்கியது. அந்த வருடமே நிறுவனம் சுமார் நானூறு கோடி டாலருக்கு விற்றது. நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் முதல் யூ.எஃப்.சி. நடந்த தேதியைப் பாருங்கள், 2016 நவம்பர் 12. டென்வரில் தொடங்கி நாள் பிசகாமல் இருபத்து மூன்று வருடம். ஜூடோ ஊறிய பிரான்ஸ்கூட 2020இல்தான் ஒத்துக்கொண்டது. இதோ 2026 ஐச்சி-நகோயா ஆசிய விளையாட்டுப் போட்டியில் எம்.எம்.ஏ. பதக்க விளையாட்டாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. ஒலிம்பிக்கில் இன்னும் இல்லை.

பெண்கள் விஷயம்தான் எனக்கு இதில் பெரிதாகப் படுகிறது. 2011இல் யூ.எஃப்.சி. தலைவர் டேனா வைட்டிடம் பெண்கள் எப்போது சண்டை போடுவார்கள் என்று கேட்டதற்கு, ஒருபோதும் கிடையாது என்றார். 2013 பிப்ரவரியில் ரோண்டா ரௌசியும் லிஸ் கார்மூஷும் அன்றைய நிகழ்ச்சியின் முதன்மைச் சண்டையே போட்டார்கள். நம் நாட்டில் 2012இல் சூப்பர் ஃபைட் லீக் என்று ஆரம்பித்து ஆரவாரமாகத்தான் போனது, நிலைக்கவில்லை. அதில் பழகிய கைகள் மிச்சம் இருந்தன. மல்யுத்தக் குடும்பத்தின் ரித்து போகட் 2019இல் இதற்கு மாறினார். அன்ஷுல் ஜுப்லி 2023இல் தகுதிப் போட்டியை ஜெயித்து யூ.எஃப்.சி. ஒப்பந்தம் வாங்கினார். 2024 ஜூனில் உத்தரப் பிரதேசத்தின் முசாஃபர்நகர் மாவட்டத்தைச் சேர்ந்த பூஜா தோமர், யூ.எஃப்.சி.யில் ஜெயித்த முதல் இந்தியப் பெண் ஆனார். 52 கிலோ பிரிவு, மூன்று ரவுண்டு, மூன்று நடுவரில் ரெண்டு பேர் அவர் பக்கம். பாப்பா அதைப் போனில் திரும்பத் திரும்பப் பார்த்தாள். அவளும் 52 கிலோ. மூன்றாவது ரவுண்டு ஓடும்போது அக்கா சமையலறை வாசலில் துண்டோடு நின்று பார்த்ததை நான் பார்த்தேன், ஒன்றும் சொல்லவில்லை, சொன்னால் உள்ளே போய்விடுவாள்.

பாப்பா போகிற இடம் கொண்டலாம்பட்டிப் பக்கம் ஒரு பழைய தறிக்கூடம். தறியை எல்லாம் எடுத்த பிறகும் தரையில் போல்ட் போட்ட குழிகள் இருக்கின்றன, அதன் மேல் மேட் விரித்திருக்கிறார்கள். மேலே சிமெண்ட் ஷீட், மே மாதம் உள்ளே நிற்க முடியாது. வாசல் போர்டு மூன்று தடவை மாறியதை நான் பார்த்திருக்கிறேன். முதலில் 'கராத்தே' மட்டும். அப்புறம் கிக் பாக்சிங் சேர்ந்தது. அரசு வேலைக்கான விளையாட்டு ஒதுக்கீட்டில் சிலம்பம் சேர்ந்ததும் சிலம்பம் பெரிய எழுத்தில் வந்தது. இப்போது கீழே சிவப்பில் 'எம்.எம்.ஏ.'. வருகிற பெற்றோர் முதலில் கேட்பது 'சர்டிபிகேட் தருவீங்களா', ரெண்டாவது 'அடி படுமா'. மாஸ்டர் ரெண்டுக்கும் உள்ளதைச் சொல்வார். அடி படும்.

இந்த மாவட்டத்துக்கு விளையாட்டை ஏற்றுக்கொள்ளத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. சின்னப்பம்பட்டி கிரிக்கெட் வீரர் நடராஜன் 2021 ஜனவரியில் ஆஸ்திரேலியாவிலிருந்து திரும்பியபோது சாரட் வண்டியில் ஊர்வலம் விட்டார்கள். பெரியவடகம்பட்டி மாரியப்பன் ரியோ பாராலிம்பிக் உயரம் தாண்டுதலில் தங்கம் தாண்டியபோது இனிப்புக் கொடுக்காத தெரு இல்லை. அந்த ரெண்டு பேரும் ஜெயிப்பதற்கு முன்னால் அவர்கள் வீட்டில் எத்தனை பேர் 'இதெல்லாம் எதுக்கு' என்று கேட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

ஒருநாள் சாயங்காலம் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனேன். பிளாஸ்டிக் சேரைப் போட்டு உட்காரவைத்தார்கள். பாப்பாவும் அவளை விடக் கொஞ்சம் கனமான இன்னொரு பெண்ணும் பயிற்சிச் சண்டை. அந்தப் பெண்ணின் கைப்பூட்டில் பாப்பா மாட்டிக்கொண்டாள். தட்டினாள். விட்டாள். கையைக் கொடுத்து எழுப்பிவிட்டாள். மறுபடி ஆரம்பித்தார்கள். அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை, விரலால் தொடையில் எண்ணிக்கொண்டே இருந்தார். திரும்பி வரும்போது வண்டியின் பின்னாலிருந்து சொன்னார்: "ஆறு தடவ தோத்துருச்சு. ஆறு தடவையும் எந்திரிச்சிருச்சு." கொஞ்ச தூரம் போனதும், "மயிலுக்கும் இப்படித் தட்டத் தெரிஞ்சிருந்தா நான் மடியில போட்டு ஊட்டுக்குக் கொண்டாந்திருப்பேன்" என்றார். முப்பது வருடத்துக்கு அப்புறம் அந்தச் சேவலைப் பற்றி அவர் பேசியது அன்றைக்குத்தான். அக்காவிடம் பாப்பாவுக்காகப் பேசியதும் அவர்தான், அன்று ராத்திரியே.

இதெல்லாம் சொல்லிவிட்டு அடுத்ததைச் சொல்லாமல் விட்டால் நான் பொய் சொன்னதாகிவிடும். அதே கூடத்தில் பழகுகிற பையன் ஒருவன், பத்தொன்பது வயது. வேறொரு ஊரில் போட்டி, 61.2 கிலோ பிரிவு. நாலு நாள் முன்னால் அவன் எடை 65. மாஸ்டர் மேல் பிரிவில் போடு என்றார், நடத்தியவர்கள் அதில் இடம் இல்லை என்றுவிட்டார்கள். பையன் மாஸ்டருக்குச் சொல்லாமல், தண்ணீரை நிறுத்திவிட்டு, மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு ஏற்காடு அடிவாரத்திலிருந்து மலைப்பாதையில் ஓடினான். வண்டியில் பின்னால் போனது நான். துண்டு எடுத்துக்கொண்டேன், அவன் கேட்டும் தண்ணீர் கொடுக்கவில்லை, அவனே அப்படித்தான் சொல்லியிருந்தான். ஐந்தாவது கொண்டை ஊசி வளைவு தாண்டியதும் தடுப்புச் சுவரில் உட்கார்ந்தான். உதடு வெளுத்திருந்தது. மழைக்கோட்டைக் கழற்றினால் உள்ளே தோல் காய்ந்து, தொட்டால் சுட்டது. வியர்வை நின்றுபோயிருந்தது. என் பெயரைக் கேட்டான், ரெண்டு வருடமாகத் தெரிந்த பையன். ஒரு குரங்குக் கூட்டம் சுவர்மேல் உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது, அதுகூட இன்னும் கண்ணில் நிற்கிறது. கீழே வந்த கார் ஒன்றை நிறுத்தி ஏற்றி, தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தோம். ரெண்டு நாள் டிரிப்ஸ். பிழைத்தான்.

2015 டிசம்பரில் மணிலாவில் ஒரு சீன வீரர் இதே எடைக் குறைப்பில் உடலில் நீர் வற்றி இறந்தார், 21 வயது. அதற்குப் பிறகு அந்தப் போட்டியை நடத்திய ஒன் சாம்பியன்ஷிப், நீரை வற்றவைத்து எடை குறைப்பதைத் தடை செய்து, சிறுநீரில் நீர் அளவைச் சோதிக்கும் முறையைக் கொண்டுவந்தது. இதையெல்லாம் நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்துதான் படித்தேன். முன்னாலேயே படித்திருக்க வேண்டும். அந்தப் போட்டிக்கு வேறு பிள்ளைகளோடு நானும் போனேன், கல்யாண மண்டபம், நல்ல கூட்டம், விளக்கு, பாட்டு எல்லாம் பிரமாதம். ஆம்புலன்ஸ் எங்கே என்று கேட்டேன், போன் பண்ணினால் வரும் என்றார்கள். டாக்டர் யார் என்று கேட்டதற்கு ஒரு பிசியோதெரபி மாணவரைக் காட்டினார்கள். சண்டையை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் அவருக்கு இருக்கிறதா என்று கேட்டபோது, அந்தப் பையனே என்னைப் பார்த்து இல்லையென்று தலையாட்டினான்.

என் கோபமெல்லாம் இதில்தான். கூண்டையும் விளக்கையும் கொண்டுவந்தவர்கள், அதை விளையாட்டாக்கிய விதிகளில் பாதியைத்தான் கொண்டுவந்திருக்கிறார்கள். தட்டினால் விடுகிறார்கள், சரி. தட்ட முடியாத நிலையில் இருப்பவனுக்காகத் தட்ட ஒரு டாக்டர் வேண்டும். பெற்றோருக்கு நான் சொல்வது: பிள்ளையைத் தாராளமாக அனுப்புங்கள், ஆனால் போட்டிக்கு அனுப்புவதற்கு முன்னால் மேடைப் பக்கத்தில் நிற்கப்போகும் டாக்டர் யார், எடை பார்ப்பது என்றைக்கு, எடை இறங்காவிட்டால் என்ன செய்வீர்கள், இந்த மூன்றையும் கேளுங்கள். எரிச்சல்படுகிற இடத்துக்கு அனுப்பாதீர்கள். நாங்கள் இப்போது அப்படித்தான் செய்கிறோம், பாப்பா ரெண்டு போட்டியை அப்படி விட்டிருக்கிறாள், அழுதுகொண்டேதான் விட்டாள். போட்டிக்கு முன்னால் தண்ணீர் குறைப்பது எங்கள் கூடத்தில் இப்போது கிடையாது. எந்த எடையில் சாப்பிட்டுத் தூங்கி எழுகிறாளோ அந்த எடையில்தான் நிற்பாள். அந்தப் பையனும் திரும்பி வந்துவிட்டான், மேல் பிரிவில் போடுகிறான்.

அடுத்த மாதம் அவளுக்கு ஒரு போட்டி. மூன்று கேள்விக்கும் ஒழுங்கான பதில் வந்தது. நேற்று ராத்திரி ஒன்பதரைக்கு அக்கா போன் செய்தாள். புதிதாக வாங்கிய பல் கவசம், வெந்நீரில் போட்டு இளக்கிப் பல்லில் கடித்துப் படியவைக்கிற வகை.

"டேய், இதை எத்தன நேரம்டா கொதிக்கற தண்ணியில போடறது? அட்டையில இங்கிலீசுல சின்னச் சின்னதா எழுதியிருக்கான், கண்ணு தெரியல."

"பாப்பாவப் படிக்கச் சொல்லேன்."

"அவ தூங்கிட்டா, காலைல ஓடப் போகணுமாம். அதுக்குள்ள செஞ்சு வெச்சரலாம்னு பார்த்தேன்."

"அவ கடிச்சாத்தான்க்கா அது படியும்."

அந்தப் பக்கம் அடுப்பை நிறுத்துகிற சத்தம் கேட்டது. "அப்ப காலைல அஞ்சு மணிக்கு எழுப்பறேன். எத்தன செகண்டுன்னு மட்டும் நீ பார்த்துச் சொல்லு" என்றாள். போட்டோ அனுப்பச் சொன்னேன். டீ போடுகிற பாத்திரத்துக்குப் பக்கத்தில் வைத்து எடுத்து அனுப்பியிருந்தாள்.